மூத்தாள் எதையும் எறிந்ததில்லை

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, காலியான பால் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குப்பைக்கூடை எங்கேயும் தென்படவில்லை. மேடைக்கடியில் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பின்பக்கம் துவைக்கிற கல்லருகேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரருடைய மகள் அப்போது ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டே நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அத கழுவிட்டுக் கொடியில மாட்டணும்."

"குப்பத்தொட்டி எங்கமா இருக்குது?"

"இந்த வீட்ல அது கெடையாது. அம்மா வெக்கல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பின்பக்கக் கொடியைத் திரும்பவும் போய்ப் பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது துணி என்று நினைத்தவையெல்லாம் பால் கவர்கள். கழுவி, ஒரு மூலையை மட்டும் வெட்டி, வரிசையாகக் கிளிப் மாட்டியிருந்தது. காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி அசைந்தன. அவற்றில் மண்ணை நிரப்பித்தான் நாற்று விடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. நான் என் கவரைக் கழுவினேன். கடைசியில் ஒரு கிளிப் காலியாக இருந்தது. அதில் மாட்டினேன்.

எனக்கு அப்போது நாற்பதை நெருங்குகிற வயது. தென்னேரியில் அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொண்டதிலேயே என் கல்யாண வயது கடந்துபோயிற்று. அப்பா போனதும் உறவுக்காரர் ஒருவர் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி உடம்பு முடியாமல் இருந்து இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே பெண். குடி கிடையாது. இவ்வளவுதான் சொன்னார்கள். இறந்தவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் முதல் மனைவியை மூத்தாள் என்பார்கள். அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூத்தாள் மூத்தாள்தான்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு கம்பெனியில், வந்து இறங்குகிற சாமான்களின் பேக்கிங்கைப் பிரிக்கிற பிரிவில் வேலை பார்த்தேன். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் தெர்மாகோல், அதற்குள் கவர். பிரித்துப் பிரித்து எறிவதுதான் ஷிப்ட் முழுக்க. சாயங்காலம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதெல்லாம் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் யோசித்தவள் இல்லை. அப்படிப்பட்டவள் இங்கே வந்து சேர்ந்தேன்.

இந்த வீட்டில் எந்தப் பொருளும் முதலிலிருந்தே அதுவாக இருந்ததில்லை. மிதியடி புடவையாக இருந்தது. காய்கறிப் பை குடைத்துணியாக இருந்தது. கீரை முளைத்திருந்த தொட்டிகள் எண்ணெய் டின்கள். என் தலையணைக்குள் பஞ்சு இல்லை; பக்கத்துத் தெருத் தறிவீடுகளில் அறுத்துப் போடுகிற பட்டு நூல் துண்டுகளை அடைத்துத் தைத்திருந்தது. தலையைத் திருப்பினால் உள்ளே சன்னமாக ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். பாத்திரம் தேய்க்க வேலியில் காய்த்து முற்றிய பீர்க்கங்கூடு. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, குளித்த தண்ணீர் சின்னக் கால்வாய் வழியாக வாழைக்கு. காய்த்தோலும் மீந்துபோனதும் பின்சுவர் ஓரம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மண்தொட்டிகளுக்குள் போய் மண்ணாகும்.

இதையெல்லாம் யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அவர் விடிந்ததும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெண் என்னிடம் தேவைக்குமேல் பேசமாட்டாள். பொருள்களே சொல்லிக்கொடுத்தன. வாணலிக் கரண்டியின் பிடியில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தது. பிடித்தால் விரல்கள் எங்கே வரவேண்டுமோ அங்கே துணி அமுங்கியிருந்தது. தேங்காய்த் துருவியின் பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த பள்ளம். அதில் நான் உட்கார்ந்தபோது எனக்கென்றே செய்த மாதிரி பொருந்தியது. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். பிறகு ஒரு சாக்கை மடித்துப் பலகைமேல் போட்டுக்கொண்டு துருவினேன்.

வந்த புதிதில் ஒருநாள் பின்கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். கையில் பிளாஸ்டிக் வாளி நிறையக் காய்த்தோல். "யக்கா, இன்னிக்கு வாழப்பூ மடல் நெறைய..." என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தவள் என்னைக் கண்டதும் வாளியோடு நின்றாள். அடுத்த தெருக்காரி. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர்.

"தப்பா எடுத்துக்காதமா. வாய் பழக்கம்," என்றாள்.

"பரவால்லக்கா. கொட்டுங்க."

கொட்டிவிட்டு, தொட்டிக்குள் குனிந்து பார்த்தபடியே சொன்னாள். "அவங்க இருந்தப்போ நான் தோல் கொண்ணாந்து குடுத்துட்டுக் கறிவேப்பில, கீர எடுத்துக்கினு போவேன். அவங்க போனப்புறமும் என்னால வேற எங்கியும் கொட்ட முடியல. கொண்ணாந்து போட்டுக்கினேதான் இருந்தேன்."

"அப்போ இத யாரு கிளறுனது?"

"அதாம்மா தெரியல. இவரு ஆட்டோவோட போயிடுவாரு, பொண்ணு இஸ்கோலுக்குப் போயிடும். நான் ஒருநாளும் கை வெக்கல. கிளறாம வுட்டா நாறும், புழு வெக்கும். இது நாறவே இல்லமா. ஒவ்வொருவாட்டியும் வந்து பார்த்தா கிளறி வெச்சாப்போல இருக்கும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். நான் பயந்தது உண்மைதான். அன்றைக்குக் கிளறுகிற கம்பைக் கையில் எடுக்கவே எனக்கு நேரம் பிடித்தது. தொட்டிக்குள் கையை விட்டால் மண் வெதுவெதுப்பாக இருந்தது. மக்குகிறபோது சூடு இருக்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

வீட்டுச் சாமான்களும் அப்படித்தான். வந்து சில மாதம்வரை எனக்குக் கடையில் வாங்க வேண்டியது அதிகம் இல்லை. சீயக்காய்த் தூள் ஒரு பெரிய டப்பா. விளக்குத் திரி ஒரு பை நிறைய, எல்லாம் பழைய வேட்டித்துணியில் திரித்தது. மஞ்சள்தூள், துணி துவைக்கப் பூந்திக்கொட்டைப் பொடி. கரித்துணிகூட அளவாக வெட்டி அடுக்கியிருந்தது. ஏதோ வழக்கமாகச் செய்து வைப்பது என்று நினைத்துத்தான் எடுத்தேன். அந்தத் தறிவீட்டு அக்காதான் இன்னொருநாள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கினு வந்து, இந்த வெயில்ல ஒக்காந்து திரி திரிச்சிக்கினு இருப்பாங்க. தலயில முடியே இல்ல, சீயக்கா எதுக்குக்கா அரைக்கறனு கேட்டேன். எனக்கா அரைக்கறேன், வர்றவளுக்கு ஆவும்னாங்க. நான் அழுதுட்டேன்மா."

வர்றவள். அன்றைக்கு முழுக்க அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. நான் இந்த ஊர்ப்பக்கமே வராத காலத்தில், என் முகம் தெரியாமல், எனக்காக ஒருத்தி அரைத்துச் சலித்து டப்பாவில் அமுக்கி வைத்திருக்கிறாள். நன்றியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு டப்பாவிலும் அடி தெரியத் தெரிய, அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே தீர்த்துக்கொண்டிருப்பது போல ஒரு எண்ணம். சிக்கனமாக எடுத்தேன். இரண்டு கரண்டி போடுகிற இடத்தில் ஒரு கரண்டி போட்டேன்.

சீயக்காய் முடிகிற சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டுப் பின்பக்கம் வெயிலில் முடியை விரித்து உட்கார்ந்திருந்தேன். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், எனக்குப் பின்னால் வந்து நின்றார். காலடிச் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் ஒரு பெயரின் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டார். முதல் எழுத்து மட்டும்தான். மீதியை விழுங்கிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. அதை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

"சோறு போடட்டுமா?" என்றேன்.

"ஸ்டாண்டுல ஆள் நிக்கறாங்க. அப்பறமா வரேன்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கடையில் ஷாம்பூ பாக்கெட் வாங்கி வந்தேன். கிழித்துக் குளித்துவிட்டு அந்தக் காலிப் பாக்கெட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை. கடைசியில் புடவை முந்தியில் முடிந்துகொண்டு போய், பஸ் நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். யாரோ பார்க்கிறார்கள் என்கிற கூச்சம் வீடு திரும்புகிறவரை இருந்தது.

எல்லாம் தீர்ந்தது. தீராமல் இருந்தது ஒன்றே ஒன்று. அலமாரியின் மேல்தட்டில் ஒரு பீங்கான் ஜாடி, வாயில் வெள்ளைத் துணி கட்டியது. உப்பு நார்த்தங்காய். அதை யாரும் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. நானும் தொடவில்லை. தட்டைத் துடைக்கும்போது மட்டும் ஜாடியைச் சற்று நகர்த்தி வைப்பேன். அப்போதுதான் கவனித்தேன். துணியின் முடிச்சு ஒருதடவை இடப்பக்கம் இருக்கும், இன்னொருதடவை முன்பக்கம். ஒரு நாள் சுருக்கு முடிச்சு, ஒரு நாள் இறுக்கமான இரட்டை முடிச்சு. தூக்கிப் பார்த்தால் கனமும் குறைந்துகொண்டு வந்தது.

வீட்டில் பகல் முழுக்க நான் ஒருத்திதான். கதவு பூட்டியிருக்கும். யாரிடம் போய் என்ன கேட்பது? தறிச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். அது நின்றுபோகிற மத்தியான நேரங்களில் நான் சமையலறையில் இருக்கமாட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் அலமாரிப் பக்கம் ஒரு புளித்த வாடை வந்தது. நான் ஜாடியை இறக்கி முடிச்சை அவிழ்த்தேன். மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. பின்னால் பெண் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"அத ஏன் தொட்டீங்க?"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஜாடியைப் பிடுங்க வந்தவள் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா ஒரு சோத்துப் பருக்கய கீழ போட வுடமாட்டாங்க. நான் இத வீணாக்கிட்டேன்," என்று அழுதாள். "எல்லாம் என்னாலதான். நான்தான் எச்சிக்கை போட்டுட்டேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நான் பின்பக்கம் இருக்கிற நேரம் பார்த்து ஜாடியைத் திறப்பாளாம். விரலை உப்பில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வாளாம். சில நாள் ஒரு சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கரையும்வரை படித்துக்கொண்டிருப்பாளாம்.

"அம்மா கைப்பட்டது இது ஒண்ணுதான் பாக்கி இருக்குது. மத்ததெல்லாம் நீங்க தீத்துட்டீங்க."

குற்றம் சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அவள் அருகில் உட்கார்ந்தேன். தொடலாமா என்று தெரியாமல் ஜாடியின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

"சுருக்கு முடிச்சு நீ போட்டதா, இரட்ட முடிச்சு நீ போட்டதா?" என்று கேட்டேன்.

அவள் அழுகையை நிறுத்திப் பார்த்தாள். "நான் சுருக்குதான் போடுவேன்."

அவர் சாயங்காலம் வந்தபோது ஜாடி நடுக்கூடத்தில் திறந்து இருந்தது. பார்த்துவிட்டு, கேட்காமலேயே, "நானும்தான்," என்றார். காலையில் கிளம்புவதற்கு முன் எடுப்பாராம். ஆட்டோ ஓட்டும்போது வாயில் போட்டுக்கொள்வாராம். மகளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் இரட்டை முடிச்சு. தொட்டி கிளறியதையும் அப்போதுதான் கேட்டேன். அதுவும் அவர்தான், எல்லாரும் எழுவதற்கு முன்பு. "சும்மா இருந்தா மனசு கேக்கல," என்றார்.

எனக்கு இருந்த பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆவி என்று ஒன்று வந்து போயிருந்தால்கூட அது வேறு யாரோ. இது இந்த இரண்டு பேரின் வாய்க்குள்ளேயும் கைக்குள்ளேயும் இருந்துகொண்டு எனக்கு மட்டும் எட்டாத ஒன்று.

மறுநாள் மழை விட்டது. நானும் பெண்ணும் மேலே இருந்த பூசணத்தையும் அதை ஒட்டிய துண்டுகளையும் வழித்துத் தொட்டியில் போட்டோம். அடியில் இருந்தவை கல்லு மாதிரி கெட்டியாக, கறுத்து, நன்றாகத்தான் இருந்தன. முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தோம். மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து மோர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். நான் அவள் கைப்பக்குவத்தை முதல்முதலாக நாக்கில் வைத்தது அன்றைக்குத்தான். உப்பும் கசப்பும் தூக்கலாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரம்," என்றார். அதில் மிளகாயே கிடையாது.

"சித்தி, இன்னொரு துண்டு போடுங்க," என்றாள் பெண். அவள் என்னை ஏதாவது ஒரு முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

அவளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போகிற சமயத்தில், அவருடைய அக்கா வந்து பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்றார். பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை எங்கள் பக்கம் அப்படித்தான் கும்பிடுவோம். நல்ல காரியம் நடப்பதற்கு முன்பு அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படையல் போடவேண்டும். இத்தனை நாளாகப் படைக்காமல் விட்டதற்கு அவர் அக்காவுக்குக் கோபம்.

படையலுக்காக வீட்டை ஒழித்தோம். பரண்மேல் பழைய துணிமணிகளுக்குப் பின்னால் ஒரு சாக்குமூட்டை இருந்தது. பெண்தான் ஏறி இறக்கினாள். அவிழ்த்தால் உள்ளே மருந்துப் பாட்டில்கள். குளுக்கோஸ் ஏற்றுகிற பிளாஸ்டிக் பாட்டில்களும் இருந்தன. கழுவி, காயவைத்து, மூடி தனியாக, பாட்டில் தனியாக. மாத்திரை தீர்ந்த அட்டைகள் கட்டுக்கட்டாக, ரப்பர் பேண்டு போட்டு.

அவர் வந்து பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"நர்சம்மா கையில கால்ல வுழுந்து வாங்கியாந்தா. எதுக்குடினு கேட்டா, எதுக்காவது ஆவும், யோசிக்கிறேன்னா. படுத்துக்கினே கையில வெச்சித் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருப்பா. கடைசிவரைக்கும் இதுக்கு மட்டும் ஒண்ணும் தோணல அவளுக்கு."

நான் ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். சொட்டு நீர் விடலாம், செடிக்கு. எனக்கு உடனே தோன்றிவிட்டது. அவள் வீட்டில் இருந்து இருந்து என் புத்தியும் அப்படி ஆகியிருந்தது. வாயைத் திறக்கவும் திறந்தேன். பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். இந்த வீட்டு வாழைக்கும் கீரைக்கும் அந்தப் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குவதை இவர்கள் தினமும் பார்க்க வேண்டுமா?

"இது வீட்ல இருக்க வேணாம்," என்றேன்.

பெண், "ஆமாம்ப்பா. இதெல்லாம் வெச்சிருக்கக் கூடாது," என்றாள். அவள் குரல் எனக்காகவும் சேர்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது.

காலையில் குப்பை வண்டி வருகிற பாட்டுச் சத்தம் கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வண்டிக்காரப் பெண் என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

"இந்த வீட்டாண்ட நாங்க நின்னதே இல்லயேமா. ஒரு காயிதம்கூட வராதே உங்க வீட்லருந்து."

"இது ஆஸ்பத்திரிப் பொருள். ஊசி ஒண்ணும் இல்ல, பாத்துட்டேன். தனியா போடணும்."

"குடு, நான் தனியா வெக்கறேன்," என்று வாங்கி, மற்ற குப்பையோடு சேர்க்காமல் முன்பக்கம் கால்மாட்டில் வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அவர் கேட்டைப் பிடித்தபடி நின்று, அது ஐயம்பேட்டை ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு நிற்காமல் உள்ளே வந்துவிட்டேன். அவரைத் தனியாக விடவேண்டும் என்று தோன்றியது.

படையல் அன்று மஞ்சள் கரை போட்ட பச்சைப் புடவையை மணையில் வைத்துப் பூச்சாற்றினோம். வாழையிலை, கறிவேப்பிலை, கீரை எல்லாம் அவள் தோட்டத்தில் பறித்ததுதான். சமைத்துப் பரிமாறிவிட்டு விளக்கேற்றி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவள் வந்து சாப்பிடுகிறவரை வெளியே காத்திருப்பது வழக்கம். உள்ளே ஏதோ பாத்திரம் லேசாக இடறிய சத்தம் எனக்குக் கேட்டது. பூனையாக இருக்கலாம். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

கதவைத் திறந்ததும் அவருடைய அக்கா புடவையை எடுத்து என் கையில் கொடுத்தார். "கட்டிக்கமா. அவ குடுக்கறா."

பொண்ணுக்குக் கொடுங்கள் என்றேன். "சித்தி, நீங்க கட்டுங்க," என்றாள் அவள். அறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். நல்ல வெயில் காலம். அந்தப் புடவை மட்டும் உடம்பில் ஈரத்துணி மாதிரி சில்லென்று ஒட்டிக்கொண்டது.

பெண் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை போன் செய்து, தொட்டியைக் கிளறினீர்களா என்று கேட்கிறாள். அந்தப் பச்சைப் புடவையை நான் அவ்வப்போது கட்டுகிறேன். இன்னும் கிழியவில்லை. அதைக் கட்டுகிற நாளில் அவர் என்னிடம் அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். நானும் அவரைப் பேச வைப்பதில்லை.